நான் அரக்கு வைத்த சைடுகார்

மோட்டார் சைக்கிளில் சைடுகார் பூட்டி நேராக்குவது எப்படி என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். தப்பான ஆளிடம் கேட்டுவிட்டீர்கள். எந்த நட்டை எவ்வளவு முடுக்குவது என்பதை உங்கள் ஃபிட்டர்கள் அரைமணியில் காட்டித் தந்துவிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தும் நான் என் கையால் ஒரு நட்டையும் உருப்படியாக முடுக்கியதில்லை. நான் சூப்பர்வைசர். மற்றவர்கள் முடுக்கிய நட்டைச் சந்தேகப்படுவது என் உத்தியோகம். அந்தத் திறமை எனக்குப் பிறவியிலேயே உண்டு. வீட்டில் பால்காரரிடமும் தபால்காரரிடமும் அன்றாடம் பழகிக் கூராக்கி வைத்திருந்தேன்.

ஆகவே நான் சொல்லக்கூடியது, அந்தத் திறமையால் ஒருவன் சோற்றில் மண் அள்ளிப் போட இருந்த கதையைத்தான்.

சுதந்திரம் வந்த மறு வருஷம். நான் அதுவரை யுத்தத்துக்காகத் திறந்த ஓர் ஆபீசில் குமாஸ்தா. யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தி அந்த ஆபீசுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் எட்டியது. எட்டியதும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாராவியில் ஒரு சேட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப் இருந்தது. பட்டாளம் கழித்துப் போட்ட வண்டிகளும், நெடும்பயணத்துக்கென்று செய்த, அவற்றுக்கும் தாத்தாவான பழைய டூரிங் வண்டிகளும் அங்கே வந்து குவியும். எந்த வண்டிக்கு என்ன வேலை என்று இங்கிலீஷில் ஜாப் கார்டு எழுதவும், வேலையை மேற்பார்க்கவும் ஆள் வேண்டும் என்று சேட் தேடிக்கொண்டிருந்தார். மாட்டுங்காவிலிருந்து இஸ்திரி போட்ட சட்டையோடு போய் நின்றேன். சட்டைக்காகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

ஒர்க்‌ஷாப் என்பது நீளமான ஒரு கொட்டகை. முன்பு அங்கே தோல் கழுவிக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் அந்தக் காலத்து ஆடுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டதுபோல ஒரு வாடை கிளம்பும். ஹெட் ஃபிட்டர் செல்லையா, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அளந்து பேசுவான். அளந்து பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யோசிப்பேன்.

சைடுகார் வேலையில் செல்லையாவுக்குப் பெயர் உண்டு. அவன் பூட்டிய வண்டியில் கையை விட்டுவிட்டு வெற்றிலை மடிக்கலாம் என்பார்கள். அதில் உள்ள சூட்சுமம் இவ்வளவுதான்: நம் ஊரில் சைடுகார் இடப்பக்கம். அதன் சக்கரத்தின் மூக்கு வண்டியைப் பார்த்துச் சற்று உள்ளே திரும்பியிருக்க வேண்டும். வண்டி, சைடுகாரை விட்டு விலகினாற்போல வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் என்றால் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம். அதற்குப் பதில் இடப்பக்கம் சாய்ந்துவிட்டால், ஓட்டுகிறவன் எங்கே போக நினைத்தாலும் வண்டி இடப்பக்கத்துச் சாக்கடையைத்தான் விசாரித்துக்கொண்டு போகும்.

நான் சேர்ந்த இரண்டாம் நாள் முதல் உத்தரவு போட்டேன். புதிதாகச் சேர்ந்தவன் ஏதாவது உத்தரவு போடாவிட்டால் சம்பளம் செரிக்காது. செல்லையா வண்டிகளைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலைப் பார்த்து நிறுத்துவான். அப்போது நம்பர் பிளேட் சுவர்ப்பக்கம் போய்விடும்; வாசலோரம் இருந்த என் மேஜைக்குத் தெரியாது. ஒவ்வொரு கார்டுக்கும் நான் நாற்காலியை விட்டு எழுந்து, கிரீசை மிதித்துக்கொண்டு போய் நம்பரைப் பார்க்க வேண்டியிருந்தது. இனிமேல் வண்டிகள் முன்பக்கமாக உள்ளே வந்து சுவரைப் பார்த்து நிற்க வேண்டும், பின் நம்பர் என் மேஜைக்குத் தெரிய வேண்டும் என்றேன்.

செல்லையா தலையைச் சொறிந்தான். “சார், வண்டி மூஞ்சி வாசலப் பாக்க இருக்கணும். செவரப் பாத்து நிறுத்துன வண்டி திரும்பி வந்துரும்.”

“அது என்னய்யா சாஸ்திரம்?”

“சாஸ்திரமெல்லாம் இல்ல. நான் பாத்தது.”

நான் இங்கிலீஷ் புஸ்தகங்கள் வாசித்தவன். கோட்டைப் பகுதி நடைபாதையில் சைடுகாரைப் பற்றியே ஒரு பழைய புஸ்தகம் வாங்கி அட்டை போட்டு வைத்திருந்தேன். மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரித்தேன். வண்டிகள் சுவரைப் பார்த்து நின்றன. என் மேஜையிலிருந்தே நம்பர்கள் தெரிந்தன. நிர்வாகம் என்பது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

மூன்று வாரத்தில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் சைடுகார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடது பக்கம் இழுக்கிறதாம். சரி செய்து அனுப்பினோம். மறுபடி வந்தார். அடுத்து வேறொருவர். அதற்கு முன்பு இப்படி ஒரு புகாரும் வந்ததில்லை என்று சேட் சொன்னார். சொல்லும்போது என் சட்டையைப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் வந்த பிறகு புகார் வருகிறது என்றால், நான் எதையோ மாற்றியிருக்கிறேன் என்றுதான் சாதாரண புத்தி உள்ளவன் நினைப்பான். சந்தேக புத்தி உள்ளவன் அப்படி நினைக்க மாட்டான். என்னைப் பிடிக்காத யாரோ வேலை காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். செல்லையாவின் மச்சான் ஒருவன் கொஞ்சம் இங்கிலீஷ் எழுதுவான், வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்பது காதில் விழுந்ததும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பகலில் என் எதிரில் செல்லையா ஒழுங்காகப் பூட்டுகிறான். நான் தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் சாய்வு பார்த்துக் கார்டில் கையெழுத்துப் போடுகிறேன். என் தலை மறைந்ததும் ஒரு நட்டை ஒரு சுற்றுத் தளர்த்துகிறான். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள். பொய் எப்போதும் உண்மையைவிட நன்றாகப் பொருந்தும்; அளவெடுத்துத் தைத்ததல்லவா?

பிறகு டாக்டரம்மாவின் வண்டி வந்தது. மாட்டுங்காவில் இருந்த லேடி டாக்டர். செம்பூரில் அகதிகள் முகாம் போட்டிருந்தார்கள். தினம் இரண்டு வேளை அங்கே போவார். அவர் அப்பா காலத்து டூரிங் வண்டி, பித்தளையும் நிக்கலுமாக ஒரு தேர் மாதிரி இருக்கும். காம்பவுண்டர் ஓட்டுவார், அம்மா மருந்துப்பெட்டியோடு சைடுகாரில் உட்கார்ந்து வருவார். புது சைடுகார் பூட்டக் கொடுத்திருந்தார்கள். பூட்டி அனுப்பினோம். இரண்டாம் நாளே காம்பவுண்டர் வந்து நின்றார்.

“இழுக்கறது சார். சயான் வளைவுல லாரிக்கு வழி விடலாம்னு பாத்தா, வண்டி எனக்கு முன்னாடி அதுவாவே ஓரத்துக்குப் போயிடுத்து. ஒரு சக்கரம் சாக்கடைக்குள்ள. டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலை. அதுதான் எனக்கு பயமா இருக்கு.”

மறுபடி நேராக்கினோம். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தேன். மறுபடி இழுத்தது. சேட் என்னைக் கூப்பிட்டார். அவர் அறை கொட்டகைக்குள்ளேயே அரைக்கதவு போட்ட ஒரு தடுப்பு. “யார் செய்யறான்னு எனக்குப் பேர் வேணும். சனிக்கிழமை நாலு மணிக்கு. அந்த ஆள் திங்கட்கிழமை இங்க வர வேண்டாம்,” என்று இங்கிலீஷில் சொன்னார். நாங்கள் இருவரும் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். அவருக்கு என் இங்கிலீஷில் ஒரு மரியாதை. எனக்கு என் இந்தியில் ஒரு பயம்.

வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘வேண்டுமென்றே’ என்பதற்கு இங்கிலீஷில் மூன்று வார்த்தை யோசித்து, இருப்பதில் கனமானதைப் போட்டேன். செல்லையாவுக்கு தாராவியில் ஒரு அறையில் ஐந்து பேர். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினேன். இன்றைக்கு அதை நினைத்தால் எழுதின கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு நிப்பை மாற்றினேன்; எழுத்து அழகாக வந்தது.

சேட் வாசித்துவிட்டு, “சாட்சி?” என்றார்.

“நாளை தருகிறேன்” என்றேன்.

சாட்சிக்கு ஒரு வழி செய்திருந்தேன். பழைய ஆபீசிலிருந்து வரும்போது நினைவுக்கு இருக்கட்டும் என்று ஒரு குச்சி சிவப்பு அரக்கு கொண்டுவந்திருந்தேன். வெள்ளிக்கிழமை எல்லோரும் போகுமுன், டாக்டரம்மாவின் சைடுகாரை வண்டியோடு பிடிக்கும் நான்கு நட்டுகளிலும் அரக்கை உருக்கி ஒட்டி, என் மோதிரத்தால் முத்திரை குத்தினேன். மோட்டார் சைக்கிளுக்குப் பதிவுத் தபால் முத்திரை வைத்தவன் பம்பாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எவன் ஸ்பானர் வைத்தாலும் அரக்கு உடைய வேண்டும்.

சனிக்கிழமை காலை பார்த்தேன். நான்கும் அப்படியே இருந்தன. காம்பவுண்டர் வந்து, மாஹிம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினார். உதட்டைப் பிதுக்கினார். இழுக்கிறது.

அரக்கு உடையவில்லை, வண்டி இழுக்கிறது. யோசிக்கத் தெரிந்தவன் அந்த இடத்தில் நின்றிருப்பான். நான், செல்லையாவிடமும் அரக்கு இருக்கிறது, உடைத்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுகிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில்தான் கொட்டகை காலியாக இருக்கும், அப்போதுதான் நடக்கிறது. பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஒளிந்துகொள்ள இடம் தேடினேன். டாக்டரம்மாவின் சைடுகார் மேலேயே தார்ப்பாய் மூடிக் கிடந்தது. நுழைந்துவிட்டேன்.

ஒரு சைடுகாருக்குள் பெரிய மனிதன் ஒருவன் சுருண்டு படுத்தால் முழங்கால் எங்கே போகும் என்று எந்தப் புஸ்தகத்திலும் எழுதவில்லை. வாய்க்குள் போகிறது. அப்படியே கால் மணி நேரம். பிறகு காலடிச் சத்தம். செல்லையாவும், வெல்டர் காசிமும். காசிமும் தெற்கத்தி ஆள்தான், கடையநல்லூர். இருவரும் சைடுகாரில் சாய்ந்துகொண்டு தூக்குவாளியைத் திறந்தார்கள். புளிக்குழம்பு வாசனை தார்ப்பாய் வழியாக வந்தது. எனக்குப் பசி.

“என்னவே, மாட்டுங்கா சாரை எங்க காணும்?” என்றது காசிமின் குரல்.

“இங்கனதான் எங்கயாச்சும் மோப்பம் புடிச்சிக்கிட்டுக் கெடப்பாரு.”

“ஒம்மேல என்னவே அவருக்கு?”

“அவுக ஆளு ஒருத்தனைக் கொண்டுட்டு வரணும்லா. அதுக்கு மொதல்ல நான் போவணும். நான் பூட்டுனத ராத்திரி வந்து அவிழ்க்காருன்னு நெனைக்கேன். என்னைக்கும் எனக்கு முன்னால வந்து நிக்காரு, கடைசில போறாரு. நானும் ஒரு கணக்கு வச்சுருக்கேன்.”

“என்ன கணக்கு?”

“ஒவ்வொரு நட்டுக்கு அடியிலயும் கிரீசுல ஒரு தலமுடி ஒட்டிருக்கேன். அரக்கு வச்சா மேல மட்டுந்தானே வைப்பாரு, கீழ பாக்க மாட்டாரு.”

எனக்கு மூச்சே நின்றது. அவமானத்தால் அல்ல. என்னைப் போலவே இன்னொருவன் இருக்கிறான் என்ற அதிர்ச்சியால். நான் கொஞ்சம் அசைந்திருக்க வேண்டும். அடியில் இருந்த ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

வெளியே சத்தம் நின்றது.

“தார்ப்பாய் முனகுதுவே” என்றான் காசிம்.

தார்ப்பாயின் ஒரு மூலை தூக்கப்பட்டது. செல்லையாவின் முகம். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. என்னைப் பார்த்தான். என் முழங்காலைப் பார்த்தான்.

“உள்ள புழுங்குமே சார். வாங்க, சோறு கெடக்கு.”

நான் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. காசிம் ஒரு காலைப் பிடித்து இழுத்தான். அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. நான் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, என்னிடம் மிச்சமிருந்த அதிகாரத்தையெல்லாம் திரட்டி, “எங்கே அந்த முடி, காட்டு” என்றேன்.

செல்லையா கீழே படுத்துக் கையைக் காட்டினான். நானும் இஸ்திரிச் சட்டையோடு படுத்தேன். நான்கு நட்டு. அடியில் நான்கு முடி, அறுபடாமல். மேலே நான்கு அரக்கு, உடையாமல்.

“நீ அவிழ்க்கலையா?”

“நீங்க?”

“நான் எதுக்குய்யா அவிழ்க்கறேன்? எனக்கு ஸ்பானரே சரியாப் பிடிக்கத் தெரியாதே.”

“அதான் நானும் யோசிச்சேன்” என்றான். அந்த ஒரு காரணத்தை அவன் உடனே நம்பியது எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

இருவரும் எழுந்து நின்று வண்டியைப் பார்த்தோம். திருடன் இல்லாத வீட்டில் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்பதுபோல இருந்தது. மணி ஒன்று தாண்டிவிட்டது. நான்கு மணிக்கு சேட். என் கடுதாசி அவர் மேஜையில். அது செல்லையாவுக்குத் தெரியாது.

காசிம் சாப்பிட்ட கையைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீரை அங்கேயே தரையில் விட்டான். சைடுகார் பக்கம் விட்ட தண்ணீர், சைடுகார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, வண்டிக்கு அடியில் புகுந்து, வலப்பக்கத்துச் சுவரோரச் சாக்கடையைத் தேடி விறுவிறுவென்று ஓடியது. தினமும் ஓடுகிற தண்ணீர்தான். தினமும் அதை மிதித்துக்கொண்டுதான் நாங்கள் நடந்தோம்.

செல்லையா அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, “தோலு கழுவுன தண்ணி ஓடணும்னு சரிச்சுல்லா போட்டுருக்கான் தரைய” என்றான்.

என் புஸ்தகத்தில் சைடுகார் அத்தியாயத்தின் முதல் வாக்கியம் எனக்கு நினைவு வந்தது. ‘வண்டியைச் சமதரையில் நிறுத்துக.’ நான் எப்போதும் இரண்டாவது வாக்கியத்திலிருந்து வாசிக்கிறவன். முதல் வாக்கியங்கள் எல்லாம் முட்டாள்களுக்காக எழுதப்படுகின்றன என்பது என் எண்ணம். அது சரியான எண்ணந்தான். யார் அந்த முட்டாள் என்பதில்தான் தவறு.

விளங்குகிறதா? தூக்குக்குண்டு பூமிக்கு நேரே தொங்கும். தரை வலப்பக்கம் சரிந்திருக்க, குண்டை நம்பி வண்டியை நேராக நிறுத்தினால், தெருவில் இறங்கியதும் அது சைடுகார் பக்கம் சாய்ந்திருக்கும். செல்லையா வாசலைப் பார்த்து நிறுத்திய காலத்தில் சாக்கடை சைடுகார் பக்கம் இருந்தது. அதே தவறு அப்போது வலப்பக்கச் சாய்வாகி நன்மை செய்தது. வண்டிகள் அம்பு போல ஓடின. திருப்பி நிறுத்தச் சொன்னது யார்? நம்பர் பிளேட்டை நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்க ஆசைப்பட்டது யார்?

செல்லையா என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: “வண்டியை வாசல் பக்கம் திருப்பி நிறுத்திப் பூட்டினால் தீர்ந்துதே. யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“தீந்துரும். அப்புறம் என்னைக்காவது ஒருத்தன் திருப்பி நிறுத்துவான். டாக்டரம்மா மாரி ஒரு பொம்பளை உள்ள இருக்கும்.” அவன் ஸ்பானரை எடுத்தான். “அரக்க நீங்களே ஒடைங்க சார். பொறவு நான் ஒடைச்சேம்பீங்க.”

உடைத்தேன். காசிம் பக்கத்தில் கட்டட வேலை செய்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்தான். வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை ஆப்பு அடித்தோம். தரை எங்களை எவ்வளவு நாளாக ஏமாற்றியது என்பது அந்தப் பலகையின் கனத்தில் தெரிந்தது, இரண்டு விரல். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தான் செல்லையா. அன்றுதான் முதல் தடவையாக நான் பக்கத்தில் நின்று வெறுமனே பார்த்தேன்.

மூன்று மணிக்கு முன்பே முடிந்தது. ஓட்டிப் பார்க்க வேண்டும். சைடுகாரில் ஆள் பாரம் வேண்டும். “நீங்க உக்காருங்க சார், உங்களுக்குப் பழக்கந்தானே” என்றான் செல்லையா. காசிம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

சயான் வளைவைத் தாண்டி, சுனாபட்டி வழியாகச் செம்பூர்ப் பாதை. அப்போதெல்லாம் அந்தப் பக்கம் ஈச்சமரமும் உப்பளமும்தான். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தால் அதுவே கூட்டம். நேரான இடம் வந்ததும் செல்லையா வேகத்தைக் கூட்டினான். நான் சைடுகாரின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓரத்துச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நெருங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவன் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்திருந்தான். வண்டி ரயில் தண்டவாளத்தில் போவதுபோலப் போனது.

முகாம் தெரியும் தூரத்தில் நிறுத்தினான். என்ஜினை அணைத்தான். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. என்னைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகம் நியாயமாகவே இருந்தது. கடுதாசியைப் பற்றிச் சொன்னேன். நீ வேண்டுமென்றே செய்கிறாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை நீ வர வேண்டாம் என்று நாலு மணிக்குச் சேட் சொல்லப் போகிறார் என்றேன்.

அவன் கழுத்துத் துண்டை எடுத்து உதறினான்.

“எந்த நாளு எழுதுனீக?”

“நேத்து.”

“முடி அறுந்துருக்கான்னு நேத்துத்தான் பாத்தேன். அறுந்துருந்தா நானும் சேட்டுட்ட போயிருப்பேன். எழுதத் தெரியாது, அதான் வித்தியாசம்.” பிறகு, “இப்ப என்ன சொல்லப் போறீக?”

“நடந்ததை.”

“சொல்லுங்க. நான் வெளிய நின்னு கேட்டுக்கிடுதேன்.”

“நம்பிக்கை இல்லையா?”

“எப்பிடி சார் இருக்கும்?” என்றான். கேள்வியாகத்தான் கேட்டான்.

நாலு மணிக்கு சேட் அறைக்குள் போனேன். என் கடுதாசி அவர் முன்னால் விரித்திருந்தது. “சாட்சி கிடைச்சுதா?” என்று இங்கிலீஷில் கேட்டார். அரைக்கதவுக்குக் கீழே செருப்பில்லாத இரண்டு கால்கள் வந்து நின்றன.

நானும் இங்கிலீஷில் தொடங்கினேன். என் இங்கிலீஷில் எதையும் கௌரவமாகச் சொல்லிவிடலாம். தரையின் சரிவு, சில நிர்வாக மாற்றங்கள், எதிர்பாராத விளைவு என்று நாலு வாக்கியத்தில் யார் மேலும் கறை படாமல் முடித்துவிடலாம். முதல் வாக்கியம் பாதி வந்துவிட்டது. கால்கள் அசையவில்லை. அந்தக் கால்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த பம்பாய் இந்தியில், தெருவுக்கே கேட்கிறாற்போல, “சேட், செல்லையா குச் நஹி கியா. கல்தி மேரா” என்றேன். அவன் எதுவும் செய்யவில்லை, தப்பு என்னுடையது. பிறகு தரை, சாக்கடை, நம்பர் பிளேட், என் நாற்காலி எல்லாவற்றையும் அதே இந்தியில் சொன்னேன். சொல் கிடைக்காத இடத்தில் கையால் சரிவைக் காட்டினேன். கடுதாசியில் எழுதியது பொய் என்பதையும் சொன்னேன். அதற்கு இந்தியில் ஒரே வார்த்தைதான் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

சேட் கடுதாசியை மடித்தார். “தோ செல்லையா ரஹேகா,” அவன் இருக்கட்டும் என்றார்.

கால்கள் திரும்பின. அவசரமில்லாமல் கொட்டகைப் பக்கம் நடந்தன; கொஞ்ச நேரத்தில் ஸ்பானர் சத்தம் கேட்டது. தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டு அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு அரைமணி நேரம் சேட் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நான் தனியாகத்தான் நின்று கேட்டேன்.